சுழியம் காட்டிய கைரோ: 1998இல் சோஹோ விண்கலம் தொலைந்ததும் மீண்டதும் – ஒரு நிகழ்வு ஆய்வு

## எடுத்துக்கொண்ட நிகழ்வு

1998 ஜூன் 25, உலகப் பொது நேரப்படி காலை 4:43. சூரியனின் உட்புறத்தை ஆராய்ந்துகொண்டிருந்த சோஹோ விண்கலத்திலிருந்து வந்த சமிக்ஞை நின்றுபோனது. கலத்தில் எந்தக் கருவியும் பழுதாகவில்லை, விண்கல் எதுவும் மோதவில்லை. தரையில் இருந்தவர்கள் அனுப்பிய கட்டளைகளும், கட்டளைகளுக்கு இடையே அவர்கள் எடுத்த ஒரு முடிவும்தான் கலத்தை இருட்டில் தள்ளின. அதே தரைக்குழுக்கள் அடுத்த மூன்று மாதங்களில் அதை மீட்டெடுக்கவும் செய்தன.

ஐரோப்பிய விண்வெளி முகமையும் நாசாவும் கூட்டாக அமைத்த விசாரணைக் குழு, 1998 ஆகஸ்ட் 31 அன்று இறுதி அறிக்கையைத் தந்தது. பணியில் இருந்த தனிமனிதர்கள் யார் என்பது இங்கே தேவையில்லை. அவர்கள் எதைப் பார்த்தார்கள், எதைப் பார்க்கவில்லை, அது சூரிய ஆய்வை எப்படித் தாக்கியது என்பவையே இந்தக் குறிப்பின் பொருள். விண்கல விபத்தாக இதைப் படித்தவர்கள் பலர். சூரியனின் உள்ளே பார்க்கும் முறையோடு சேர்த்துப் படித்தால்தான் இதன் முழு எடை தெரியும் என்பது என் எண்ணம். ஆகவே அந்த முறையிலிருந்து தொடங்குகிறேன்.

## பின்னணி: சூரியனுக்குள் பார்ப்பது எப்படி

சூரியனின் ஒளிரும் பரப்புக்குக் கீழே ஒளியால் எதையும் நேரே காண முடியாது. மையத்தில் பிறக்கும் ஆற்றல் துகள்களோடு மோதி மோதி வெளியே வருவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. பரப்பை அடையும்போது, பிறந்த இடத்தைப் பற்றிய எந்த அடையாளமும் அந்த ஒளியில் மிஞ்சுவதில்லை. நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் மட்டும் தடையின்றி வெளியேறி 8 நிமிடத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் பூமியை எட்டுகின்றன. ஆனால் அவற்றைப் பிடிப்பது மிகக் கடினம். எஞ்சியிருக்கும் வழி ஒலி.

1960களின் தொடக்கத்தில், மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் சூரியனை அளந்தவர்கள் அதன் பரப்பு ஏறக்குறைய 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்குவதைக் கண்டார்கள். அது பரப்பில் மட்டும் நிகழும் சலனம் என்றே முதலில் எண்ணப்பட்டது. சூரியனுக்குள்ளே சிறைப்பட்ட ஒலியலைகள்தான் பரப்பை அசைக்கின்றன என்ற விளக்கம் 1970–71இல் வந்தது. 1975இல் அளவீடுகள் அதை உறுதிசெய்தன. சூரிய அதிர்வியல் என்ற துறை அங்கிருந்து வளர்ந்தது.

அலைகள் சிறைப்படும் விதம் எளிது. பரப்புக்கு அருகே கொதித்துப் புரளும் வாயு ஓயாமல் ஒலியை எழுப்புகிறது. கீழ்நோக்கிச் செல்லும் அலை போகப்போகச் சூடான பகுதிக்குள் நுழைகிறது. சூடான வாயுவில் ஒலி வேகமாகச் செல்லும். பரப்பருகே நொடிக்குச் சில கிலோமீட்டராக இருக்கும் வேகம், மையத்தில் நொடிக்குச் சுமார் 500 கிலோமீட்டராகிறது. அதனால் அலை சிறிது சிறிதாக வளைந்து, ஓர் ஆழத்தில் திரும்பி மேலே வருகிறது. பரப்பில் அடர்த்தி சட்டென்று குறைவதால் வெளியேற முடியாமல் மீண்டும் உள்ளே போகிறது. சில அலைகள் மேலோட்டமாகவே சுற்றி வரும். சில மையம்வரை போய்வரும். ஒவ்வொன்றும் தான் கடந்துவந்த ஆழத்தின் வெப்பத்தையும் அடர்த்தியையும் சுழற்சியையும் தன் அதிர்வெண்ணில் சுமந்து வருகிறது. பல லட்சம் அதிர்வுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தால், எந்த ஆழத்தில் என்ன இருக்கிறது என்று அடுக்கடுக்காகப் பிரித்தெடுக்கலாம்.

இப்படித்தான் சில அடிப்படை உண்மைகள் கிடைத்தன. வாயு கொதித்துப் புரளும் வெப்பச்சலன மண்டலம், சூரிய ஆரத்தின் 0.713 பங்கில், அதாவது பரப்பிலிருந்து சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஆழத்தில் முடிகிறது. பரப்பில் நடுக்கோடு ஏறக்குறைய 25 நாளில் ஒருமுறை சுழல, துருவப் பகுதிகள் 35 நாளளவு எடுத்துக்கொள்கின்றன. இந்த வேறுபாடு வெப்பச்சலன மண்டலம் முழுவதும் நீடித்து, அதன் அடித்தளத்தில் சட்டென்று மறைகிறது. அதற்குக் கீழே கதிர்வீச்சு மண்டலம் ஏறக்குறைய ஒரே திண்மப் பொருள்போலச் சுழல்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட மெல்லிய அடுக்கை டாக்கோகிளைன் என்கிறார்கள். சூரியனின் காந்தப்புலம் உருவாவதில் இந்த அடுக்குக்குப் பெரும்பங்கு இருக்கலாம் என்று கருதுவோர் பலர்.

இந்த முறைக்கு ஒரே ஒரு கடுமையான தேவை உண்டு: கேட்பது நிற்கக் கூடாது.

காரணம் கணக்கில் இருக்கிறது. மிக நெருங்கிய இரண்டு அதிர்வெண்களைப் பிரித்தறிய எவ்வளவு காலம் கேட்கிறோம் என்பதே எல்லை. சூரியன் சுழல்வதால், சுழற்சியோடு செல்லும் அலைக்கும் எதிர்த்துச் செல்லும் அலைக்கும் அதிர்வெண்ணில் மிகச் சிறிய பிளவு ஏற்படுகிறது. அடுத்தடுத்த இரண்டு பிளவுகளுக்கு இடையே சுமார் 0.4 மைக்ரோஹெர்ட்ஸ் இருக்கும் (நொடிக்கு ஓர் அதிர்வு என்பதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோஹெர்ட்ஸ்). ஒரு மாதம் விடாமல் கேட்டால் கிடைக்கும் பிரிதிறனும் ஏறக்குறைய அதே 0.4 மைக்ரோஹெர்ட்ஸ்தான். அப்படியானால் ஒரு மாதம் என்பது வாசற்படி. உள்ளே நுழையப் பல மாதங்கள் வேண்டும்.

இடையில் விட்டுவிட்டுக் கேட்டால் இன்னொரு தொல்லை. ஒரே இடத்திலிருந்து பகலில் மட்டும் பார்த்தால், ஒவ்வோர் உண்மையான அதிர்வெண்ணின் இருபுறமும் 11.6 மைக்ரோஹெர்ட்ஸ் தள்ளிப் போலி உச்சங்கள் முளைக்கும். ஒரு நாளில் இருக்கும் 86,400 நொடிகளின் தலைகீழ் எண் அது. சூரியனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் சூரியனின் மையத்தைப் பற்றிச் சொல்லும் இரண்டு அதிர்வுகளுக்கு இடையே இருப்பது சுமார் 9 மைக்ரோஹெர்ட்ஸ். போலியும் உண்மையும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து உட்கார்ந்துவிடும். தரவு இல்லாத நேரங்களில் சுழியம் இட்டு நிரப்பினால், கணக்கு அந்தச் சுழியத்தையும் சூரியனே சொன்னதாக எடுத்துக்கொள்ளும். இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விபத்தின் நடுவில் இதே பிழை வேறு உருவில் வரும்.

இடைவெளியைத் தவிர்க்கவே 1979–80 கோடையில் தென்துருவத்துக்குப் போய், மறையாத சூரியனை ஐந்து நாள் தொடர்ந்து அளந்தார்கள். 1995இல் காங் வலையமைப்பு வேலையைத் தொடங்கியது: கலிஃபோர்னியாவின் பிக் பேர், ஹவாயின் மவுனா லோவா, ஆஸ்திரேலியாவின் லியர்மந்த், இந்தியாவின் உதய்ப்பூர், கேனரித் தீவுகளின் டெய்டே, சிலியின் செர்ரோ டோலோலோ என்று ஆறு நிலையங்கள். ஓரிடத்தில் சூரியன் மறையும்போது இன்னோரிடத்தில் உதித்திருக்கும். அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று சோஹோ ஏவப்பட்டது.

## பின்னணி: கலமும் மூன்று கைரோக்களும்

சோஹோ பூமியிலிருந்து சூரியனை நோக்கி 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், முதலாம் லக்ராஞ்சுப் புள்ளியைச் சுற்றி வருகிறது. பூமியோடு சேர்ந்தே சூரியனைச் சுற்ற ஒரு கலத்துக்கு வாய்ப்பான இடம் அது. அங்கே இரவு கிடையாது; காற்றின் கலக்கமும் இல்லை. பன்னிரண்டு கருவிகளில் மூன்று சூரியனின் உட்புறத்துக்கானவை: கோல்ஃப், வர்கோ, எம்.டி.ஐ. இவற்றில் எம்.டி.ஐ. சூரிய வட்டு முழுவதன் ஏற்ற இறக்கத்தையும் நிமிடத்துக்கு ஒருமுறை படமெடுக்கக் கூடியது.

திட்டமிட்ட இரண்டாண்டுப் பணி 1998 ஏப்ரலில் நல்லபடியாக முடிந்து, நீட்டிப்புக் காலம் தொடங்கியிருந்தது. எம்.டி.ஐ. தரவில் 1996 ஜூலை 9 அன்று நிகழ்ந்த சூரியத் தெறிப்பொன்று, அதாவது திடீர் ஆற்றல் வெடிப்பொன்று, பரப்பில் வட்டவட்டமாக அலைகளைக் கிளப்பியது தெரியவந்தது. அந்த முடிவு வெளியானது 1998 மே மாத இறுதியில். கலம் தொலைந்தது அதற்கு ஒரு மாதம்கூட ஆகாத நிலையில். சூரியனின் காந்தச் செயல்பாடு கூடிக் குறையும் சுழற்சி புதிதாக மேலேறிக்கொண்டிருந்த காலம் வேறு. அதிர்வெண்கள் அந்தச் செயல்பாட்டோடு சேர்ந்து நகரும் என்பதால், அந்த ஏறுமுகத்தின் ஒவ்வொரு மாதமும் விலைமதிப்பற்றது.

இனி கைரோக்கள். கலத்தின் சுழல்வை உணர ஏ, பி, சி என மூன்று இருந்தன. மூன்றும் ஒரே வேலைக்கு அல்ல. ஏ, அவசர நிலையில் கலம் தன் அச்சில் உருள்வதைக் கட்டுப்படுத்தப் பயன்பட்டது. பி, உருளல் அளவு மீறினால் எச்சரிக்கை எழுப்பும் காவலாள். சி, வழக்கமான திருப்பங்களின்போது கலத்தின் கணினிக்கு உதவியது.

அவசர நிலை என்பது கலத்தின் தற்காப்பு. ஏதோ தவறு என்று உணர்ந்தால், கலம் மற்ற வேலைகளை விட்டுவிட்டுச் சூரியனை நேரே பார்த்து நின்றுகொள்ளும். சூரியத் தகடுகளுக்கு ஒளி கிடைக்கும், மின்சாரம் வரும், தரையிலிருந்து உதவி இல்லாமலேயே குறைந்தது 48 மணி நேரம் பத்திரமாக இருக்கும்; வடிவமைத்தவர்களின் எண்ணம் அது. ஏவப்பட்டதிலிருந்து அதுவரை நான்கு முறை கலம் இந்த நிலைக்குப் போய் நலமாகத் திரும்பியிருந்தது.

கைரோக்கள், உள்ளே சக்கரம் சுழல்வதால் தேயும் பொருள்கள். நீட்டிப்புக் காலத்தில் அவற்றின் ஆயுளைக் காப்பாற்ற, தேவையில்லாத நேரங்களில் அவற்றைச் சுழலாமல் நிறுத்திவைக்கும் வகையில் கட்டளை வரிசைகள் திருத்தப்பட்டன. எண்ணம் நல்லது. திருத்தத்தில் இரண்டு பிழைகள் நுழைந்தன. ஒன்று, கலம் அவசர நிலைக்குப் போனால் ஏ கைரோவைத் தானே மீண்டும் சுழலவைக்கும் செயல்பாட்டை இயக்கும் கட்டளை விடுபட்டது. மற்றொன்று, அளவுத்திருத்தத்தின்போது உயர்த்திய பி கைரோவின் உணர்திறன் பழைய நிலைக்குத் திரும்பாமலே இருந்தது. அது உண்மையைவிட 20 மடங்கு பெரிதாகக் காட்டும்.

## ஜூன் 24–25: கவனித்தவையும் முடிவுகளும்

வழக்கமான கைரோ அளவுத்திருத்தமும் அதையொட்டிய பராமரிப்பு வேலைகளும் நடந்துகொண்டிருந்தன. ஜூன் 24, உலகப் பொது நேரம் இரவு 11:16க்குக் கலம் ஐந்தாவது முறையாக அவசர நிலைக்குப் போனது. 20 மடங்கு பெருக்கிக் காட்டிய பி கைரோதான் காரணம். கலம் உண்மையில் அளவுமீறி உருளவில்லை; பொய் எச்சரிக்கை.

குழு இதைச் சரியாகவே கண்டுபிடித்தது. பி கைரோவின் உணர்திறனைச் சரிசெய்தார்கள். கலத்தை வழக்கமான நிலைக்குக் கொண்டுவரும் படிகளைத் தொடங்கினார்கள். இதுவரை எடுத்த முடிவில் குற்றம் சொல்ல எதுவுமில்லை. ஆனால் அவசர நிலைக்குள் நுழைந்தபோது ஏ கைரோ சுழலத் தொடங்கியிருக்க வேண்டும் என்பதையோ, அது சுழலவில்லை என்பதையோ யாரும் கவனிக்கவில்லை.

இங்கே நுட்பம் ஒன்று இருக்கிறது. நின்றுபோன கைரோவுக்கு மின்இணைப்பு இருந்தது. அதன் வெளியீடு சுழியத்தை ஒட்டியே வந்துகொண்டிருந்தது. எந்தக் கைரோவிலும் சிறு விலகல் இருக்கும். அதைக் கழிக்க ஒரு திருத்த எண் வைத்திருப்பார்கள். ஏ கைரோவின் வெளியீடு அசையாமல் நிற்க, திருத்த எண் மட்டும் கணக்கில் சேர்ந்தது. கட்டுப்பாட்டுப் பகுதி அதை உண்மையான உருளலாக எடுத்துக்கொண்டு, அதைத் தடுக்க உந்துபொறிகளை எரித்தது. இல்லாத உருளலைத் தடுக்கப்போய், இல்லாத உருளல் உண்டானது. கலம் மெல்ல மெல்ல வேகமெடுத்து உருளத் தொடங்கியது.

அதிகாலை 2:35க்கு ஆறாவது அவசர நிலை. இம்முறை எச்சரித்ததும் பி கைரோதான். இம்முறை அது சொன்னது உண்மை.

தரையில் இருந்தவர்களின் திரையில் தெரிந்ததைக் கற்பனை செய்து பார்க்கிறேன். ஏ கைரோ ஏறத்தாழ சுழியம் காட்டுகிறது: கலம் அசையவில்லை என்கிறது. பி கைரோ பெரிய எண்ணைக் காட்டுகிறது: கலம் வேகமாக உருள்கிறது என்கிறது. சில மணி நேரம் முன்பு பொய் சொன்னது பி. இரண்டில் எதை நம்புவார்கள்? அவர்கள் ஏயை நம்பினார்கள். பி பழுதடைந்துவிட்டது என்று முடிவுசெய்து அதை அணைத்தார்கள்.

ஏ கைரோ அமைதியாக இருந்ததற்குக் காரணம், அது சுழலவேயில்லை. அளக்காத கருவி தந்த சுழியத்தை, அளந்த கருவி தந்த சுழியமாக வாசித்தார்கள். உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே காவலாளை அகற்றினார்கள். அதன்பின் உருளலை உணரக் கலத்தில் எதுவும் மிச்சமில்லை.

உருளல் வளர்ந்தது, மற்ற அச்சுகளிலும் ஆட்டம் தொற்றிக்கொண்டது, கலத்தின் முகம் சூரியனைவிட்டு விலகியது. காலை 4:38க்கு ஏழாவது அவசர நிலை. ஐந்து நிமிடம் கழித்து எல்லாம் அடங்கியது.

## ஏன் அப்படி நடந்தது

விசாரணைக் குழுவின் கண்டுபிடிப்பு நேரடியானது: கலத்தில் கோளாறு இல்லை, தவறு இயக்கத்தில். ஐந்து மணி நேரத்துக்கு மேல் நீண்ட அந்த நெருக்கடியில், எந்தக் கட்டத்திலாவது ஏ கைரோ சுழல்கிறதா என்று ஒரே ஒருமுறை சரிபார்த்திருந்தால் கலம் தொலைந்திருக்காது என்றும் சொன்னது.

அதைப் படித்துவிட்டுப் பணியில் இருந்தவர்களைக் குறை கூறி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. விபத்துக்கு முன்பே அவர்கள் கையில் கொடுக்கப்பட்டது பிழையுள்ள கட்டளை வரிசை. திருத்தம் செய்யப்பட்டபோது அதை வரிக்கு வரி சுதந்திரமாகச் சோதிக்கும் ஏற்பாடு போதுமானதாக இல்லை. வேலைகளின் நேர அட்டவணை இறுக்கமாக இருந்தது. அறிவியல் பணிக்குக் கலத்தைச் சீக்கிரம் திருப்ப வேண்டும் என்ற அழுத்தம், கலத்தின் பாதுகாப்பைவிட மேலே ஏறி உட்கார்ந்திருந்தது.

கடைசியாகச் சொன்னதில்தான் இந்த நிகழ்வின் வேதனை இருக்கிறது. சூரியனின் உள்ளே பார்க்கத் தொடர்ச்சி வேண்டும். ஒரு நாள் இடைவெளிகூட வலிக்கும். அந்த வலி உண்மையானது. அதைப் பொய்யென்று சொல்ல முடியாது. ஆனால் அந்த இரவில் சில மணி நேரத்தைக் காப்பாற்ற முயன்றதில் சில மாதங்கள் போயின. அவசர நிலை 48 மணி நேரம் கலத்தைத் தாங்கும் என்று வடிவமைப்பே சொன்னது. உடனே மீட்காமல், ஒரு கப் தேநீர் குடிக்கும் நேரம் பொறுத்து, மூன்று கைரோக்களின் நிலையையும் பட்டியலிட்டுப் பார்க்க அவகாசம் இருந்தது. பழைய நான்கு மீட்புகளும் சுலபமாக நடந்தது அந்தப் பொறுமையைக் குறைத்திருக்கலாம். இது என் ஊகம் மட்டுமே.

பி கைரோவை அணைத்த முடிவைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு கருவிகள் முரண்படும்போது, எது முன்பு பொய் சொன்னது என்று பார்ப்பது இயல்பு. கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: இரண்டுமே இப்போது வேலை செய்கின்றனவா? அதோடு, ஒரு கருவியை நம்பாமல் இருப்பது ஒன்று. அதை அணைப்பது வேறொன்று. நம்பாமல் விட்டிருந்தால் பிறகு மனம் மாற வழி இருந்திருக்கும்.

## தேடலும் மீட்பும்

கலம் சுழன்றுகொண்டிருந்தது, சூரியத் தகடுகளின் விளிம்பு மட்டுமே சூரியனைப் பார்த்தது, மின்சாரம் இல்லை. வெப்பமூட்டிகள் அணைந்ததால் உந்துபொறிகளின் எரிபொருளான ஹைட்ரசீன் உறைந்தது.

முதல் நாள்களில் தொடர்ந்து கட்டளைகள் அனுப்பினார்கள், பதில் இல்லை. ஆனால் வானியக்கவியல் ஒரு நம்பிக்கை தந்தது. சுழலும் பொருளின் அச்சு விண்வெளியில் ஒரே திசையைப் பார்த்து நிற்கும். கலமோ பூமியோடு சேர்ந்து சூரியனைச் சுற்றுகிறது. ஆகவே வாரங்கள் செல்லச்செல்லச் சூரியன் தகடுகளைப் பார்க்கும் கோணம் தானாகவே மாறும். ஒளி கூடிக்கொண்டே போகும். மூன்று மாதத்தில் கோணம் 90 டிகிரி மாறிவிடும். காத்திருக்கலாம் என்று கணக்கு சொன்னது. காத்திருந்தார்கள், இம்முறை கண்ணைத் திறந்துகொண்டு.

ஜூலை 23 அன்று, போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோவில் இருந்த 305 மீட்டர் தொலைநோக்கியிலிருந்து ரேடார் அலைகளை அனுப்பி, எதிரொலியைக் கலிஃபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனில் உள்ள 70 மீட்டர் அலைவாங்கியில் பிடித்தார்கள். கலம் எதிர்பார்த்த இடத்திலேயே இருந்தது. நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு சுற்று என்ற மெதுவான வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தது. உடைந்து சிதறவில்லை, ஓடிப்போகவில்லை.

ஆகஸ்ட் 3 அன்று ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் உள்ள நிலையம் ஒரு மெல்லிய சமிக்ஞையைக் கேட்டது: ஒவ்வொரு முறையும் 2 முதல் 10 நொடி மட்டுமே நீடித்த வெறும் சமிக்ஞை, தகவல் எதுவுமில்லை. ஏறத்தாழ ஆறு வாரத்துக்குப் பிறகு கேட்ட முதல் குரல். தகடுகளில் ஒளி பட்ட சில நொடிகளில் எழுந்து, ஒளி விலகியதும் அடங்கியது.

அடுத்து எடுத்த முடிவுகள் நிதானமானவை. கிடைத்த சிறு மின்சாரத்தை உடனே பேச்சில் செலவிடாமல் மின்கலங்களில் சேர்த்தார்கள். ஆகஸ்ட் 8 அன்று கலத்தின் நிலையைச் சொல்லும் அளவீடுகள் வந்தன. பிறகு ஆகஸ்ட் 12இலிருந்து எரிபொருள் கலனை உருக்கத் தொடங்கினார்கள். முதலில் கலன், பிறகு குழாய்கள்; அவசரப்பட்டால் குழாய் வெடிக்கலாம், மின்கலம் தீரலாம். ஆகவே உருக்குவதையும் மின்சாரம் சேர்ப்பதையும் மாற்றி மாற்றிச் செய்தார்கள். இந்த வேலை மட்டும் வாரக்கணக்கில் ஓடியது. ஜூனில் ஐந்தரை மணி நேரத்தில் எடுத்த முடிவுகளையும் ஆகஸ்டில் ஐந்து வாரத்தில் எடுத்த முடிவுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறு எந்த விளக்கமும் தேவையில்லை.

செப்டம்பர் 16 அன்று உந்துபொறிகளை எரித்துச் சுழற்சியை நிறுத்தி, கலத்தைச் சூரியனை நோக்கித் திருப்பினார்கள். செப்டம்பர் 25 அன்று அது வழக்கமான நிலைக்கு வந்தது. அக்டோபரில் கருவிகள் ஒவ்வொன்றாக இயக்கப்பட்டன. சில உறைநிலைக்கு 120 டிகிரி கீழே குளிர்ந்திருந்தன, சில 100 டிகிரி வரை சூடேறியிருந்தன. அப்படியும் பன்னிரண்டும் வேலை செய்தன. எனக்கு இதில் இன்றும் வியப்பு அடங்கவில்லை.

கைரோக்கள் அந்த அளவுக்குத் தாங்கவில்லை. மூன்றில் இரண்டு போய்விட்டன. மிஞ்சிய ஒன்றும் டிசம்பர் 21 அன்று செயலிழந்தது. தரையிலிருந்து கட்டளையிட்டு உந்துபொறிகளை இயக்கிக் கலத்தை நேராக வைத்துக்கொண்டார்கள். வாரத்துக்குச் சுமார் 7 கிலோ எரிபொருள் கரைந்தது. அந்த நெருக்கடியில் பொறியாளர்கள் கைரோவே இல்லாமல் கலத்தை இயக்கும் மென்பொருளை எழுதி, 1999 பிப்ரவரி 1 அன்று செயல்படுத்தினார்கள். விபத்துக்கு வித்திட்ட கருவி, அதன்பின் கலத்துக்குத் தேவையே இல்லாமல் போனது.

## தரவில் விழுந்த ஓட்டை

எம்.டி.ஐ.யின் தொடரில் ஜூன் இறுதியிலிருந்து அக்டோபர் வரை ஓர் ஓட்டை. டிசம்பர் இறுதியிலிருந்து பிப்ரவரித் தொடக்கம் வரை இன்னொன்று. கோல்ஃபும் வர்கோவும் இதே இழப்பைச் சந்தித்தன.

எம்.டி.ஐ. தரவு வழக்கமாக 72 நாள் துண்டுகளாக ஆராயப்பட்டது. நான்கு மாதம் இல்லையென்றால் ஒன்றிரண்டு துண்டு முற்றிலும் காணாமல்போனது என்று பொருள். எஞ்சியவற்றை ஒட்டுவதும் சுலபமல்ல. முன்பு அளந்த கருவியும் பின்பு அளந்த கருவியும் பெயரளவில் ஒன்று. ஆனால் இடையில் கடுங்குளிரையும் கடுஞ்சூட்டையும் கண்டது. ஓட்டைக்குப் பின் அதிர்வெண் சற்று நகர்ந்திருந்தால், நகர்ந்தது சூரியனா கருவியா? செயல்பாடு ஏறிக்கொண்டிருந்த காலமாதலால் சூரியனும் உண்மையிலேயே நகர்ந்துகொண்டிருந்தது.

இங்கேதான் காங் வலையமைப்பு கைகொடுத்தது. ஆறு நிலையங்களும் அந்த நாள்களில் கேட்டுக்கொண்டே இருந்தன. விண்கலத்தின் தரவு போல அவை தெளிவாக இல்லாமல் இருக்கலாம். மேகமும் மழையும் குறுக்கிட்டிருக்கலாம். ஆனால் ஜூலையும் ஆகஸ்டும் அவற்றிடம் இருந்தன.

பலன் 2000இல் வெளிப்பட்டது. வெப்பச்சலன மண்டலத்தின் அடியில், ஆரத்தின் 0.72 பங்கில், நடுக்கோட்டருகே சுழற்சி வேகம் ஏறக்குறைய 1.3 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறைவதாகத் தெரிந்தது. மாற்றத்தின் அளவு சுமார் 6 நானோஹெர்ட்ஸ், அதாவது ஒரு மைக்ரோஹெர்ட்ஸில் ஆயிரத்தில் ஆறு பங்கு. பரப்பிலிருந்து 2 லட்சம் கிலோமீட்டர் கீழே. இவ்வளவு நுண்ணிய செய்தியை ஒரே கருவி சொல்லியிருந்தால், அதுவும் நடுவில் நான்கு மாதம் ஊமையாக இருந்த கருவி சொல்லியிருந்தால், அதை நம்பத் தயங்கியிருப்போம். காங் தரவும் எம்.டி.ஐ. தரவும் தனித்தனியே ஒரே போக்கைக் காட்டியதால்தான் அது கவனத்துக்கு வந்தது. பின்வந்த ஆண்டுகளில் அந்த ஏற்ற இறக்கம் அதே தெளிவோடு தொடரவில்லை. அது நின்றதா, மாறியதா என்று கேட்கவும் தொடர்ச்சியான தரவுதான் வேண்டும்.

## எவை மாற வேண்டும், எவை மாறின

விசாரணைக் குழு கேட்டவற்றின் சாரம்: கட்டளை வரிசையில் செய்யும் எந்தத் திருத்தமும் முறையான சோதனையைக் கடக்க வேண்டும்; அவசர நிலையில் இருக்கும் கலத்தை அவசரமாக வெளியே இழுக்கக் கூடாது; அறிவியல் அட்டவணையைவிடக் கலத்தின் பாதுகாப்பு முன்னே நிற்க வேண்டும்.

என் பங்குக்கு இரண்டைச் சேர்ப்பேன். முதலாவது, எந்தத் திரையிலும் அளவீட்டோடு அளக்கும் கருவியின் நிலையும் சேர்ந்தே தெரிய வேண்டும். ஏ கைரோவின் எண்ணுக்குப் பக்கத்திலேயே அது சுழல்கிறதா இல்லையா என்று காட்டியிருந்தால் பி கைரோவை யாரும் அணைத்திருக்க மாட்டார்கள். சூரிய அதிர்வுத் தரவுக்கும் இதையே சொல்வேன்: தரவு இல்லாத நிமிடங்கள் எவை என்ற பட்டியல், தரவோடு பிரியாமல் பயணிக்க வேண்டும். நல்ல ஆய்வுக் குழுக்கள் அப்படித்தான் செய்கின்றன.

இரண்டாவது, ஒரு நீண்ட தொடரை எந்தக் காலத்திலும் ஒரே கருவியை நம்பி நடத்தக் கூடாது. இதில் துறை பாடம் கற்றதாகவே தெரிகிறது. 2010 பிப்ரவரி 11 அன்று ஏவப்பட்ட எஸ்.டி.ஓ. என்ற நாசாவின் சூரிய ஆய்வுக் கலத்தில், எம்.டி.ஐ.க்கு அடுத்த தலைமுறையான எச்.எம்.ஐ. கருவி இருந்தது. அது அந்த ஆண்டு மே மாதம் முறையான அளவீட்டைத் தொடங்கியபோது எம்.டி.ஐ.யை உடனே அணைத்துவிடவில்லை. 2011 ஏப்ரல் வரை, ஏறத்தாழ ஓர் ஆண்டு, இரண்டும் ஒரே சூரியனை ஒரே நேரத்தில் பார்த்தன. பழைய தொடர் எங்கே முடிகிறது, புதியது எங்கே தொடங்குகிறது, இரண்டுக்கும் இடையே எவ்வளவு வித்தியாசம் என்று அளந்துகொள்ள அந்த ஓர் ஆண்டு இருந்தது. அதன் பிறகே எம்.டி.ஐ.யின் அளவீடுகள் நிறுத்தப்பட்டன. காங் நிலையங்கள் அப்போதும் கேட்டுக்கொண்டிருந்தன.